ஊர் வீட்டு வால்வெல்லாம் தெரிந்தவள்

ஒரு பிளம்பிங் கம்பெனியில் போன் எடுப்பதுதான் அவள் வேலை. பதினொரு வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல், அதே போன். சேர்ந்த புதிதில் அவளுக்கு வாஷருக்கும் வால்வுக்கும் வித்தியாசம் தெரியாது. யாராவது "பாத்ரூம்ல தண்ணி கொட்டுதும்மா!" என்று அலறினால், "சரிங்க, எழுதிக்கிட்டேன், ஆள் வருவாங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். ஆள் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டில் செருப்பெல்லாம் மிதந்துகொண்டிருக்கும்.

சாயங்காலம் பிளம்பர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கும்போது அவள் விடமாட்டாள். "அந்தப் பச்சை கேட் வீட்டுல என்ன ஆச்சு? ஏன் அடைச்சுது? எப்படி எடுத்தீங்க?" என்று துருவித் துருவிக் கேட்பாள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். இரண்டு வருஷம் எழுதிய பிறகு ஒன்று தெளிவாகப் புரிந்தது. வரும் புகார்களில் பாதி, வீட்டுக்காரர்களே பத்து நிமிஷத்தில் சரிசெய்யக்கூடியவை. மீதிப் பாதியில், முதல் பத்து நிமிஷத்தில் தண்ணீரை நிறுத்தியிருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு அவள் போனை எடுத்தால் கதையே வேறு.

"டாய்லெட் டேங்க்ல எப்பவும் சலசலன்னு சத்தம் கேக்குதுங்க."

"வீட்டுல நீல இங்க் இருக்கா? டேங்க் மூடியைத் திறந்து நாலு சொட்டு விடுங்க. ஃப்ளஷ் பண்ணாம அரை மணி நேரம் விட்டுட்டுப் போய்ப் பாருங்க. கீழே நீலமா வந்திருந்தா அடியில இருக்கிற ரப்பர் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். வரலைன்னா மிதவை ரொம்ப மேலே நிக்குது, கொஞ்சம் இறக்கி விடுங்க."

இன்னொரு நாள், நிச்சயதார்த்த மோதிரத்தை சிங்க்கில் விட்டுவிட்ட ஒருவன் அழாத குறையாகப் பேசினான். குழாயை உடனே மூடச் சொன்னாள். சிங்க்குக்கு அடியில் பைப் வளைந்து தொங்குமே, அதற்குக் கீழே ஒரு வாளியை வைக்கச் சொன்னாள். வளைவின் இரண்டு பக்கமும் இருக்கும் மரை வளையங்களைக் கையாலேயே திருகிக் கழற்றச் சொன்னாள். போனை வைக்காமல் காத்திருந்தாள். தடால் என்று ஒரு சத்தம், பிறகு "ஐயோ நாத்தம்", பிறகு ஒரே கூச்சல்: "அக்கா, கிடைச்சிருச்சு அக்கா!"

அப்படித்தான் முகம் தெரியாத ஊரே அவளை அக்கா ஆக்கிக்கொண்டது. யார் போன் செய்தாலும் அவள் முதலில் கேட்பது, "மெயின் வால்வை மூடிட்டீங்களா?" என்பதுதான். அதனால் கம்பெனியில் அவளுக்கு 'வால்வு அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"எந்த வால்வும்மா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவள் குரலில் ஒரு சலிப்பு ஏறிவிடும். "உங்க வீடுதானேங்க? உங்க வீட்டுத் தண்ணியை எங்க நிறுத்தறதுன்னு உங்களுக்கே தெரியலைன்னா எப்படி?" மரியாதையாகத்தான் சொல்வாள். ஆனால் கேட்பவருக்குச் சுருக்கென்று குத்தும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு விடுமுறை. அன்று பிளம்பர்களில் ஒருவர் முறை வைத்துப் போன் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவருக்கு மீசை என்று பட்டப்பெயர். வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பேச்சு மட்டும் வராது. போனை எடுத்தால் "ம்" என்பார். எதிரில் இருப்பவர் பத்து நிமிஷம் புலம்பிய பிறகும் "ம்" என்பார். இது சரிப்படாது என்று அவள் ஓர் அட்டையில் கேள்விகளை வரிசையாக எழுதி மேசையில் ஒட்டி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை யார் உட்கார்ந்தாலும் இதைப் பார்த்து அப்படியே படிங்க. சொந்தமா எதுவும் பேச வேண்டாம்" என்று மீசையிடம் தனியாகவும் சொல்லி வைத்தாள்.

அவளுடைய கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நான்கு அடுக்குக் கட்டடம் ஒன்றில், முதல் மாடியில் குடியிருந்தார்கள். கூடவே அவருடைய அம்மா. அவர்களுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் ஒரு தையல்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிராயிங் மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. வாஷ்பேசின் குழாய் ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"வால்வு அக்கா வீட்டுலயே குழாய் சொட்டுதுன்னு தெரிஞ்சா ஊர் சிரிக்காதா? நானே மாத்திடறேன். மூணு வீடியோ பார்த்துட்டேன்" என்றார்.

"நாளைக்கு மீசையை வரச் சொல்றேங்க. நீங்க எதையாவது பண்ணி வைக்காதீங்க."

"வீடியோவுல ஒரு பொண்ணு நாலு நிமிஷத்துல மாத்தறா. எனக்கு ஒரு எட்டு நிமிஷம் ஆகாதா?"

எட்டு நிமிஷம் ஆகவில்லை. மூன்றாவது நிமிஷத்திலேயே சமையலறைக்கு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சீறல். அவள் ஓடி வந்து பார்த்தபோது மாஸ்டர் தலைமுதல் கால்வரை நனைந்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல், சுவரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். பேசினுக்கு அடியில் இருக்கும் சின்ன வால்வை மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருந்தார், பாவம். ஆனால் குழாயின் மரையைத் திருகியதில் அந்தச் சின்ன வால்வும் கூடவே திரும்பி, சுவரோடு முறிந்து கையில் வந்துவிட்டது. அவருடைய விரல்களுக்கு நடுவில் தண்ணீர் விசிறி மாதிரி பீய்ச்சி அடித்தது.

"மெயினை மூடு! மெயினை மூடு!" என்று கத்தினார்.

அவள் திரும்பி இரண்டடி எடுத்து வைத்தாள். நின்றுவிட்டாள். இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு மெயினை மூடச் சொன்னவளுக்குத் தன் வீட்டு மெயின் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! பழக்க தோஷத்தில் கை போனை எடுத்தது. விரல் கம்பெனி நம்பரைத் தட்டியது.

மறுபக்கம் ஒரு தொண்டை கனைத்தது. பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரு குரல்: "வணக்கம். பதறாதீங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னு சொல்லுங்க."

"அண்ணே, நான்தான். எங்க வீட்டுல வாஷ்பேசின் வால்வு உடைஞ்சு போச்சு!"

மீசைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அட்டையிலிருந்து விலகக் கூடாது என்பது அவளே போட்ட உத்தரவு. அடுத்த வரியைப் படித்தார். "உங்க மெயின் வால்வை மூடிட்டீங்களா?"

"அது எங்க இருக்குன்னு தெரியலண்ணே."

மீசை அட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அட்டையில் இதற்கு அடுத்த வரி எழுதப்படவில்லை. கேள்விகளை மட்டும்தான் அவள் எழுதியிருந்தாள்.

"ம்" என்றார் மீசை. பிறகு அவர் வாழ்நாளில் போனில் பேசிய மிக நீளமான பேச்சைத் தொடங்கினார். "வீட்டுல இருக்கிற மத்த குழாய் எல்லாத்தையும் திறந்து விடுங்க. சமையலறை, ஷவர் எல்லாம். தண்ணி பங்கு பிரிஞ்சு போனா அங்க வேகம் குறையும். அப்புறம், பாத்ரூம் சுவர்ல, மேல பைப் உள்ளே வர்ற இடத்துல பாருங்க. அங்கதான் வால்வு இருக்கும்."

"அங்க பலகை அடிச்சிருக்கே!"

"யார் அடிச்சது?"

அவள் பதில் சொல்வதற்குள், ஹாலில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார் குரல் கொடுத்தார். "வேற யாரு? பைப்பெல்லாம் அசிங்கமாத் தெரியுது, மூடுன்னு கார்பெண்டரை நிக்க வெச்சு அடிக்கச் சொன்ன மகராசி இவதான்!"

போனில் மீசை விடாமல் கேட்டார். "பைப் வாய்க்குள்ள எவ்வளவு பெரிய விரல் நுழையும்?"

"ஆள்காட்டி விரல் நுழையும்ங்கறார்."

"கேரட் இருக்கா?"

"என்னண்ணே, இந்த நேரத்துல சமைக்கவா?"

"கூரா சீவி, துணி சுத்தி, உள்ளே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. நீங்க மொட்டை மாடிக்கு ஓடுங்க. தொட்டிக்குக் கீழே உங்க வீட்டு வால்வு இருக்கும். நான் கிளம்பிட்டேன்."

கேரட்டைச் சீவியது மாமியார். பென்சில் சீவுவதுபோல் அவ்வளவு நேர்த்தியாகச் சீவி மகன் கையில் கொடுத்துவிட்டு, "கெட்டியாப் பிடிடா. டிராயிங் மாதிரி இதையும் பாதியில விட்டுடாதே" என்றார். கேரட் உள்ளே இறங்கியதும் விசிறி நின்று, ஓரங்களில் கசிவு மட்டும் மிஞ்சியது.

அவள் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். தொட்டிக்குக் கீழே பைப்புகள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சக்கரம். எதிலும் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. எது தன் வீட்டுடையது என்று யோசித்து நிற்க நேரமில்லை. முதல் சக்கரத்தைப் பிடித்தாள். துருவேறிப் போயிருந்தது, சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு திருகினாள். பிறகு அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒன்று விடாமல் அத்தனையையும் மூடிவிட்டு, உள்ளங்கை சிவக்க, தரையிலேயே உட்கார்ந்தாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. படிக்கட்டில் ஈரக்கால் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி பேங்க் மேனேஜர் வந்தார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால்கூடத் தலையசைப்பதோடு சரி, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர். இடுப்பில் துண்டு, தலை நிறைய சோப்பு நுரை, ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

"யாரும்மா தண்ணியை நிறுத்தினது?"

"நான்தான் சார். எங்க வீட்டுல பைப் உடைஞ்சு போச்சு. எது எங்களுதுன்னு தெரியல. அதான் எல்லாத்தையும் மூடிட்டேன்."

"சரி. இதுல எது என்னுது?"

"அதுவும் தெரியல சார்."

மேனேஜர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பைப் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "பதினெட்டு வருஷமா இருக்கேன். எனக்கும் தெரியலையே" என்றார். சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நுரை வாய்க்குள் போக, துப்பிக்கொண்டே சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

ஒவ்வொன்றாகத் திறந்து, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாகக் கத்தி, இடமிருந்து மூன்றாவது சக்கரம் மேனேஜருடையது என்று கண்டுபிடித்தார்கள். அவர் குளித்து முடித்தார். அதற்குள் கீழே தையல்கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

தையல்காரர் விவரமானவர். கூரையில் ஈரம் படர்வதைப் பார்த்ததுமே கடையின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, தைத்து மாட்டியிருந்த இருநூறு பள்ளிச் சீருடைகளையும் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார். ஒரு மூலையில் இருந்த துணிக்கட்டு மட்டும் தொப்பலாக நனைந்துவிட்டது. அவள் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டாள்.

"விடுங்கம்மா. அது இன்னும் வெட்டாத துணி. நனைச்சு, சுருங்க விட்டுத்தான் வெட்டணும். என் வேலையை நீங்களே பண்ணிட்டீங்க" என்றார் தையல்காரர். "அடுத்த தடவை சொல்லிட்டு நனைங்க, மீதிக் கட்டையும் எடுத்து வெச்சிடறேன்."

மீசை வந்தார். கேரட்டைப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு கை மரத்து நின்ற மாஸ்டரைப் பார்த்தார். ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. மீசை மட்டும் இலேசாகத் துடித்தது. முறிந்த துண்டைச் சுவரிலிருந்து பக்குவமாகத் திருகி எடுத்தார், புது வால்வின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிப் பொருத்தினார், குழாயையும் மாற்றிக் கொடுத்தார். போகும்போது மாஸ்டரிடம் இரண்டு ஸ்பேனரைக் காட்டினார். "ஒண்ணு திருக. இன்னொண்ணு கீழே இருக்கிறதை அசையாமப் பிடிக்க. வீடியோவுல சொல்லலையா?"

"சொன்னாங்க" என்றார் மாஸ்டர், அசடு வழிய. "நான் அந்த இடத்தைத் தள்ளி விட்டுட்டேன்."

பலகையையும் மீசையே கழற்றினார். பின்னால், புத்தம் புதிதாக, யாருமே தொடாத வால்வு ஒன்று இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கம்பெனியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மேசைமேல் ஒரே ஒரு கேரட் மட்டும் இருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. கடித்துத் தின்றுகொண்டே முதல் போனை எடுத்தாள். ஒரு பெண், மூச்சு வாங்க: "கிச்சன்ல பைப் விட்டுப் போச்சுங்க. மெயின் வால்வு எங்கன்னு எனக்குத் தெரியல. திட்டாதீங்க."

"எனக்கும் நேத்துதாங்க தெரிஞ்சுது" என்றாள். அந்தப் பக்கம் அந்தப் பெண்ணுக்கு மூச்சு நிதானமானது போனிலேயே கேட்டது. "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம். மொதல்ல எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க..."

அந்த வாரம் முழுக்க, வேறு எதற்குப் போன் செய்தவர்களிடமும் முடிக்கும்போது ஒன்று சொன்னாள்: "ஒண்ணும் ஆகாதப்பவே வால்வைத் தேடி வைங்க. மாசத்துக்கு ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க, துரு பிடிக்காது." அட்டையையும் கிழித்துவிட்டு, கேள்விகளோடு பதில்களும் சேர்த்துப் புதிதாக எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் எந்த வால்வு யாருடையது என்று கண்டுபிடிக்கக் கட்டடமே கிளம்பியது. மாஸ்டர் தகரத் துண்டுகளில் ஆளுக்கொரு நிறமாகப் பெயர்ப்பலகை வரைந்து வைத்திருந்தார். மேலே அவளும் மேனேஜரும். கீழே ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. ஆறு வீடு, ஒரு தையல்கடை. எல்லோரும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"முதல் வால்வு மூடறேன்! யாருக்கு நின்னுது?"

"எங்களுக்கு!" என்று இரண்டாம் மாடி கத்தியது. மஞ்சள் பலகையைக் கட்டினார்கள். அடுத்தது தையல்கடை, கருநீலம். மூன்றாவது மேனேஜர். அவளுடைய வீட்டு முறை வந்தபோது மாமியார் ஜன்னலிலிருந்து, "எனக்கு ரோஜாக் கலர்தான் வேணும், பச்சை வேண்டாம்!" என்று சொல்லிவிட்டுத்தான் "நின்னுடுச்சு" என்றார்.

ஏழு பலகையும் கட்டி முடிந்தது. மேனேஜர் விரல்விட்டு எண்ணினார். எட்டாவதாக ஒரு வால்வு மிச்சம் இருந்தது.

"எட்டாவதை மூடறேன்! யாருக்கு நின்னுது?"

"வருது!" "இங்கயும் வருது!" "எனக்கும் வருது!"

யாருக்கும் நிற்கவில்லை. அப்படியானால் அது எங்கே போகிறது? மேனேஜர் விடவில்லை. பைப்பைப் பின்பற்றி மாடி விளிம்பில் எட்டிப் பார்த்தார், படியிறங்கி ஓடினார், கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி நடந்தார். ஊரே அவர் பின்னால் போனது. தையல்கடைக்குப் பின்னால் உடைந்த மேசைகளும் பழைய தையல் மெஷினின் கால்களும் குவிந்து கிடந்தன. அவற்றை இழுத்துப்போட்டால், உள்ளே ஆள் உயரத்துக்குப் புல். புல்லுக்குள் ஒரு குழாய். எந்தக் காலத்திலோ தோட்டத்துக்கென்று போட்டு, எல்லோரும் மறந்துபோன குழாய். அடியில் சதசதவென்று ஈரம். மூடி வைத்த பிறகும் பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மோட்டார் தினமும் ரெண்டு தடவை ஏன் ஓடுதுன்னு இப்பதான் புரியுது" என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

அந்தக் குழாய்க்கு வேண்டியது ஒரு வாஷர்தான். எட்டாவது வால்வு மூடியிருந்ததால் மாஸ்டரையே மாற்றச் சொன்னார்கள். எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, இரண்டு கையிலும் இரண்டு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, சுளுவாக மாற்றினார். மாமியார் கேரட்டோடு பக்கத்தில் தயாராக நின்றார். தேவைப்படவில்லை. மேனேஜர் அந்த வாரமே அங்கே செடி வாங்கி வைத்தார். தையல்காரர் மதியம் அங்கேதான் கை கழுவுகிறார்.

சில நாள் கழித்து மேனேஜர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருது. நானே சரிபண்ணலாம்னு இருக்கேன். நீங்க கொஞ்சம் பக்கத்துல வந்து நின்னு சொன்னாப் போதும்."

அவள் மேலே போனாள். மேனேஜர் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, "ம், சொல்லுங்க" என்றார். அவள் ஷவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாய் திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. பதினொரு வருஷமாகக் குரலை மட்டும் கேட்டுக் கேட்டே பழகியவளுக்கு, எதிரில் ஆள் நின்றால் சொல்ல வரவில்லை.

"சார், நீங்க அப்படியே நில்லுங்க. நான் கீழே போய் போன் பண்றேன்" என்றாள்.

அப்படியே செய்தாள். தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கியதும் சொற்கள் தாமாக வந்தன. "துணியை மேல சுத்திட்டு இடது பக்கமாத் திருகிக் கழட்டுங்க. வினிகர்ல ராத்திரி முழுக்க ஊற வைங்க. காலையில பழைய டூத் பிரஷ்ஷால ஓட்டையெல்லாம் தேய்ங்க."

"சரிம்மா, சரிம்மா" என்றார் மேனேஜர். இரண்டு மாடி தள்ளி இருந்தாலும், அவர் ஸ்டூலிலிருந்து இறங்கும் சத்தம் அவளுக்குப் போனில் துல்லியமாகக் கேட்டது.